‘பிற’ என்றொரு ஃபோல்டர்

ஆடி 1, வியாழன்

இன்று முதல் அன்றன்று செய்த வேலையை எழுதி வைக்க வேண்டுமாம். முதலாளி தாணு அண்ணாச்சியின் உத்தரவு. போன வருடம் சர்வர் படுத்தபோது எதை எங்கே வைத்தோம் என்று யாருக்கும் தெரியாமல் நாங்கள் முழித்த முழியை அவர் இன்னும் மறக்கவில்லை. எழுதுகிறேன். என் கையெழுத்தை அவர் படிக்கப்போவதில்லை. என் அம்மாவே படித்ததில்லை.

ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, எங்கள் செண்பகா ஸ்டூடியோவுக்கும் வேலை கிடையாது. கேமராவைத் துடைப்பது, லைட் ஸ்டாண்டுக்கு எண்ணெய் போடுவது, சர்வரில் குப்பை அள்ளுவது. கேமரா பிடிப்பதும் நான்தான், கம்ப்யூட்டர் வைத்தியமும் நான்தான். ஆல்பம் வடிவமைப்பது ஜெசிந்தா. அதட்டுவது அண்ணாச்சி.

சர்வரில் இடம் இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் காலி செய்தாக வேண்டும்.

ஆடி 5, திங்கள்

குப்பை என்றால் சாதாரணக் குப்பை இல்லை. ஒரே கல்யாணம் ஏழெட்டு இடத்தில் கிடக்கிறது. ‘ஃபைனல்’ என்று ஒன்று. அதன் பிறகு ‘ஃபைனல் ஃபைனல்’. பெண்ணின் அத்தையை வெட்டிவிட்டதாகச் சண்டை வந்ததால் ‘அத்தை சேர்த்த ஃபைனல்’. அப்புறம் ‘இதுதான் ஃபைனல்’, ‘அம்மன் சத்தியமா ஃபைனல்’. கடைசிப் பெயர் ஜெசிந்தா வைத்தது. அவள் சர்ச்சுக்குப் போகிறவள், சத்தியம் மட்டும் எங்கள் அம்மன் மேல்.

கையால் அழித்தால் ஆடி போய்ப் புரட்டாசி வந்துவிடும். கம்ப்யூட்டரே தானாக அழித்துக்கொள்ள ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். பேக்கப் வட்டில் ‘பழசு’ என்று ஒரு பெரிய ஃபோல்டர். அதில் இருப்பதெல்லாம் மெயின் வட்டில் இருப்பதன் நகல்தான். உள்ளே போய், ஒவ்வொன்றாய் எடுத்து, கேள்வி கேட்காமல் அழிக்கச் சொல்லிப் பத்துப் பதினைந்து வரி.

“உலகண்ணே, நேரா அழிக்காதிய. மொதல்ல பேர மட்டும் அச்சடிக்கச் சொல்லிப் பாருங்க” என்றாள் ஜெசிந்தா.

அதெல்லாம் எனக்குத் தெரியும் என்றேன்.

ஆடி 6, செவ்வாய்

பெயரை மட்டும் காட்டச் சொல்லி முதலில் ஓட்டினேன். திரையில் அருவி மாதிரி கொட்டியது. மேலே போய் முதல் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாம் கல்யாணம், இரண்டு சடங்கு, ஒரு காதுகுத்து. சரிதான் என்று அழிக்கும் வரியையும் சேர்த்து ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருந்தது.

ஆடி 7, புதன்

சர்வரில் இடம் தாராளம். அண்ணாச்சி உளுந்தவடை வாங்கித் தந்தார்.

ஆடி 9, வெள்ளி

காலையில் சண்முகவடிவு அக்கா வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறாள், கண்ணெல்லாம் சிவப்பு. போன வருடம் ஆடிக் கடைசியில் அவள் அப்பா பூலையா இறந்தார். புருஷன் மஸ்கட்டில் இருந்ததால் அவர் பார்ப்பதற்காக வீடியோ எடுக்கச் சொன்னாள். நான்தான் போனேன். வீட்டிலிருந்து பாடை கிளம்பும் வரை நேரலையாகப் போனது. சுடுகாட்டில் சிக்னல் இல்லை, பதிவு மட்டும் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் எழவு வீடியோவை உடனே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வருடம் திரும்பும் வரை வீட்டுக்குள் வரக் கூடாது என்பார்கள். அதனால் ஸ்டூடியோவிலேயே இருக்கும்.

“தம்பி, அப்பா படத்தை எடுத்து வைங்க. இப்பவே வேணும்” என்றாள்.

“வருசம் திரும்பலையேக்கா.”

“தலைத் திவசம் வருதுல்லா. யாரு கொடுக்கதுன்னு வழக்கு. கொள்ளி வச்சவந்தான் திவசம் கொடுக்கணும், கார்த்தீசந்தான் கொள்ளி வச்சான்னு சித்தப்பா ஊரெல்லாம் சொல்லுதாரு. நான் வச்சேன்னு சொன்னா, பொம்பள எங்கயாவது வைப்பாளான்னு கேக்காவ. தெருச் சங்கத்துல படத்தக் கொண்டாந்து காட்டுன்னுட்டாவ. காட்டிட்டா பிறகு பேச்சில்ல.”

சித்தப்பா என்றால் பரமசிவம். பூலையாவின் தம்பி, மண்டபக்காரர். கார்த்தீசன் அவர் மகன்.

எடுத்து வைக்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்று சொன்னேன். அவள் போனதும் தேடினேன். மெயின் வட்டில் இல்லை. அப்போதுதான் ‘பிற’ ஞாபகத்துக்கு வந்தது.

சாப்பிடவில்லை.

ஆடி 10, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

கல்யாணப் படங்கள் இருக்கிற வட்டில் எழவுப் படம் இருக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் சட்டம். மங்கள காரியத்தோடு சேர்ந்து கிடந்தால் தொழிலுக்கு ஆகாதாம். எழவு என்று ஃபோல்டருக்குப் பெயர் வைக்கவும் கூடாது. அதனால் பேக்கப் வட்டில், ‘பழசு’க்கு உள்ளே, ஒரு மூலையில் ‘பிற’ என்று ஒன்றைத் திறந்து அதில் போட்டுவந்தோம். மற்ற எல்லாவற்றுக்கும் அது நகல் வட்டு. எழவுக்கு மட்டும் அதுதான் அசல். வேறு பிரதி கிடையாது.

அந்த ஃபோல்டரைத் திறந்தவன் நான். பூலையா படத்தை அதில் போட்டவனும் நான்.

பேக்கப் வட்டைக் கழற்றிவிட்டேன். அதில் புதிதாக எதுவும் பதியாமல் இருந்தால் அழிந்தது அடியில் கிடக்க வாய்ப்பு உண்டு. அழிந்த ஃபைலை மீட்கிற புரோகிராம் ஒன்றை ஓடவிட்டிருக்கிறேன். ஆமை வேகம். வடிவக்கா வந்தபோது வட்டு சர்வீஸில் இருக்கிறது என்றேன். பொய்தான். பாதிப் பொய்.

ஆடி 12, திங்கள்

மீட்பு வேலை கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. ஃபைல்கள் வருகின்றன, ஆனால் பெயர் இல்லாமல் வெறும் நம்பராக. தேதியும் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்தால் தாலி கட்டு. அடுத்தது தாலி கட்டு. அடுத்தது பந்தியில் ஒருவர் அப்பளத்தை நொறுக்குகிறார். எத்தனையோ பேருடைய சந்தோஷத்தில் ஒரு சாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் பரமசிவம் வந்தார். ஆவணி முகூர்த்தத் தேதிகளை அண்ணாச்சியிடம் எழுதிக் கொடுத்தார். அவர் மண்டபத்தில் நடக்கிற கல்யாணமெல்லாம் எங்களுக்குத்தான் வரும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடும். போகும்போது என் மேஜைப் பக்கம் நின்று, “என்ன உலகு, சௌக்கியமா?” என்றார். சௌக்கியம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் போனதும் ஜெசிந்தா, “கல்யாண வீடுன்னா மாப்பிள்ளையா இருக்கணும், எழவு வீடுன்னா பொணமா இருக்கணும் இவருக்கு” என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காகச் சங்கடப்பட்டேன். யார் காதிலாவது விழுந்திருந்தால்?

ஆடி 14, புதன்

எவ்வளவோ திறந்து பார்த்துவிட்டேன். வேறு மூன்று எழவுகள் கிடைத்தன. பூலையா இல்லை.

ஜெசிந்தாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஆல்பத்தில் ஒரு மணப்பெண்ணின் பருவை அழித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் படத்த எடுத்தது யாரு?”

“நாந்தான்.”

“சுடுகாட்டுல நின்னியளா?”

“நின்னேன்.”

“பிறகு என்னத்தத் தேடுதிய?”

எரிச்சலாக வந்தது. அவளுக்கு என்ன தெரியும்? சங்கத்தில் கேட்பது படம். நாலு பேர் திரையில் பார்த்தால் பேச்சு முடிந்துவிடும். ஒருவன் வாயால் சொல்வதும் அதுவும் ஒன்றா? அன்றைக்கு நல்ல மழை வேறு. வந்தவர்களே கொஞ்சம் பேர், அவர்களும் பரமசிவத்தின் ஆள்கள். சுடுகாட்டில் கொள்ளிக் குடத்தைக் கொத்தி ஓட்டை போட்ட மாடன் இப்போது திருப்பூரில் இருக்கிறான், எங்கே என்று தெரியாது. அத்தனை பேரும் ஒன்று சொல்லும்போது கேமராக்காரன் வேறு சொன்னால் எடுபடுமா?

புரோகிராமை வேறு முறையில் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். இந்த முறை ஆழமாகத் தேடும். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் போலிருக்கிறது.

ஆடி 17, சனி

வடிவக்காவை இனியும் அலைக்கழிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் போய்ப் பார்த்துச் சொன்னேன். ஸ்கிரிப்ட், ஃபோல்டர் என்று ஏதேதோ உளறினேன். அவள் கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

“அழிஞ்சுட்டா?”

“தேடிக்கிட்டிருக்கேங்க்கா. கிடைச்சாலும் கிடைக்கும்.”

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“சரி, வேணும்னேவா அழிச்சிய? நாளைக்கு சங்கத்துல பேசுதாவ. நீங்க வாங்க தம்பி. நீங்க இருந்தியள்லா, சொல்லுங்க. அது போதும் எனக்கு” என்றாள். தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

“படம் அழிஞ்சது ஸ்டூடியோத் தப்பு. அத ஒத்துக்க. மன்னிப்புக் கேளு. அதுக்கு மேல நமக்கு என்னவே? நீ படம் எடுக்கப் போனவன். சாட்சி சொல்லப் போனவனில்ல.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆடி 18, ஞாயிறு

ஊரெல்லாம் ஆடிப்பெருக்கு. சங்கக் கட்டிடத்தில் ஃபேன் ஓடவில்லை.

பரமசிவம் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் கார்த்தீசன். வடிவக்கா கடைசியில், கதவோரம் நின்றாள். பெண்பிள்ளைகளில் அவள் ஒருத்திதான். தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

“படம் எங்கய்யா?”

“தவறுதலா அழிஞ்சுட்டு. மன்னிக்கணும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பரமசிவம் எழுந்தார். “எம் பையன் கோயம்புத்தூர்லருந்து மழையில அடிச்சுப் பிடிச்சு வந்து கையால கட்டையெடுத்துப் போட்டான். எல்லாரும் பாத்தாவ. அண்ணன் மக கூட நின்னா, இல்லன்னு சொல்லல. அழுத பிள்ளை கையில யாரோ கொள்ளியக் குடுத்துருப்பாவ. அதுக்காக முறைய மாத்த முடியுமா?”

கார்த்தீசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். உடனே குனிந்துகொண்டான்.

தலைவர் கேட்டார். “நீதான அங்க நின்ன? நீ என்ன பாத்த?”

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கேமராவுக்குப் பின்னால நிக்கவனுக்கு ஒண்ணும் சரியாத் தெரியாதுங்க. மழையில லென்ஸத் துடைக்கதும் ஃபோகஸ் பாக்கதுமாவே இருந்தேன். யாரு வச்சாவன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.”

இதில் பொய் என்று எதைச் சொல்வது? மழை பெய்தது. லென்ஸைத் துடைத்தேன்.

வடிவக்கா தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். திவசம் கார்த்தீசன் கொடுப்பது என்று முடிவானது. பரமசிவம் எனக்குக் காப்பி வாங்கி வரச் சொன்னார். குடித்தேன்.

ஆடி 19, திங்கள்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

ஆடி 22, வியாழன்

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா. ரத வீதியில் எள் போட்டால் விழாது. கோயில் பக்கத்துக் கடைக்காரர்களுக்காகக் காலையிலிருந்து படம் எடுத்தேன். கூட்டத்தில் ஒரு முகம் வடிவக்கா மாதிரி தெரிந்தது. கேமராவைக் கோபுரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள்தானா என்று தெரியாது.

புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இனி எதற்கு என்று ஜெசிந்தா கேட்டாள். நிறுத்த மனம் வரவில்லை. நாலு நாளாக அவள் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசுவதில்லை. டீயும் தனியாகத்தான் குடிக்கிறாள்.

ஆடி 26, திங்கள்

இன்று பூலையாவின் தலைத் திவசம். நான் போகவில்லை, எனக்கென்ன வேலை அங்கே? ஜெசிந்தா அந்தத் தெருதான், அவள் வந்து சொன்னாள். கார்த்தீசன் பிண்டம் வைத்தானாம். எள்ளும் தண்ணீரும் விடும்போது இரண்டு முறை கீழே ஊற்றினானாம். வடிவக்கா அடுப்படியிலேயே இருந்தாளாம். காக்காய்க்குச் சோறு வைக்கக் கூப்பிட்டும் வெளியே வரவில்லையாம்.

“அவ அம்மா கேட்டாவளாம், என்னட்டி, நீதான வச்சேன்னு சொன்ன, எங்கிட்டயும் பொய்யா சொன்னன்னு. அந்தம்மா சுடுகாட்டுக்குப் போகலல்லா, அவுகளுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் ஜெசிந்தா. சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியாது.

ஆடி 28, புதன்

கிடைத்துவிட்டது.

மத்தியானம் நம்பர் நம்பராகத் திறந்துகொண்டு வந்தபோது திரையில் மழை பெய்தது. முழு ஃபைல். ஒரு இடத்தில்கூட உடையவில்லை. ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்தாள். தனியாகப் பார்த்தேன்.

வடிவக்கா தோளில் குடத்தோடு மூன்று சுற்று வருகிறாள். மாடன் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தைக் கொத்துகிறான். தண்ணீர் பீச்சுகிறது. குடத்தைப் பின்னால் போட்டு உடைக்கிறாள். பிறகு சிதைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். முகம் நேராகக் கேமராவுக்கு. அப்படித்தான் வைக்க வேண்டும், கொள்ளி வைப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. மாடன் கொள்ளியைக் கையில் கொடுக்கிறான். கையைப் பின்னால் கொண்டுபோகிறாள். நனைந்த விறகு, பிடிக்கவில்லை. மறுபடி வைக்கிறாள். கை சுட்டிருக்க வேண்டும், உதட்டைக் கடிக்கிறாள்.

கேமராவைப் பார்த்துக் கேட்கிறாள். “தம்பி, பிடிச்சுட்டா? நான் திரும்பிப் பாக்கக் கூடாது. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

ஒரு குரல் சொல்கிறது. “பிடிச்சுட்டுக்கா. நல்லாப் பிடிச்சுட்டு. நான் பாத்துட்டேன், நீங்க போங்க.”

என் குரல்தான். தெளிவாக இருக்கிறது. மழைச் சத்தத்திலும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது.

அவள் தலையசைத்துவிட்டு நடந்து போகிறாள். அப்புறம் வெகுநேரம் சிதை எரிகிறது. எல்லாம் எரிந்து தணிகிற நேரத்தில் கார்த்தீசன் ஓடி வருகிறான். ஒரு கட்டையை எடுத்துப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறான்.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். லென்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. நன்றாகத்தான் துடைத்திருக்கிறேன்.

ஆடி 29, வியாழன்

பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று கோத்துக்கொண்டே போனேன். சங்கத்தில் நானே போய் நிற்கிறேன், படத்தையும் காட்டுகிறேன், வாயாலும் சொல்கிறேன், அண்ணாச்சி வேலையை விட்டு அனுப்பினாலும் பரவாயில்லை. எல்லாம் கோத்து வைத்திருந்தேன்.

வடிவக்கா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வெள்ளை நர்ஸ் உடுப்பு. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

“அக்கா, படம் கிடைச்சுட்டு. முழுசா இருக்கு.”

“அப்படியா.”

“சங்கத்துல காட்டலாம். நான் வந்து சொல்லுதேன்.”

“திவசம் முடிஞ்சுட்டு தம்பி. அப்பா ஒரு தடவதான் செத்தாவ. தலைத் திவசமும் ஒரு தடவதான்.”

பென்டிரைவை நீட்டினேன். அவள் கை ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டு வாங்குவாள் என்று நின்றேன். அவள் இன்னொரு துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

“இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? எரிஞ்சத நான் பாக்கல. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு போயிட்டேன். நீங்க பாத்தேன்னு சொன்னிய. அத நம்பித்தான் நடந்து போனேன்.”

குரலை உயர்த்தவே இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரல்.

உள்ளேயிருந்து அவள் அம்மா கேட்டாள். “யாரு வடிவு அது?”

“ஸ்டூடியோக்காரவுகம்மா.”

“படம் கிடைச்சுட்டாமா?”

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் பதில் சொல்வதற்காக விட்டது போலக் கொஞ்சம் பொறுத்தாள். நான் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றபடியே, அந்த அம்மாவுக்குக் கேட்கும்படி, அக்காதான் வைத்தாள், நான் பார்த்தேன் என்று நாலு வார்த்தை. படம்கூடத் தேவையில்லை.

“கிடைக்கலையாம்மா” என்றாள் வடிவக்கா. காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.